கடைசியில் வைக்கும் வடக்கு

'சிவபாலன் அசோசியேட்ஸ், கட்டடக்கலை வல்லுநர்கள்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரே ஒரு வல்லுநர்தான் வெளியே தெரிந்தார். அவர் சிவபாலன். மற்ற அசோசியேட்டுகள் யார் என்பது பலகை மாட்டிய நாளிலிருந்து யாருக்கும் தெரியாது. வீடு கட்ட வந்தவர் யாராவது கேட்டுவிட்டால், "அது இண்டர்நேஷனல் பிராக்டிஸ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவருக்குத் தன் கேள்வியே வெட்கமாகிவிடும்.

அலுவலகம் தூத்துக்குடியில், பாளையங்கோட்டை ரோட்டில், வன்னியபெருமாள் அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பூப்புனித நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே இயந்திரத்தில் அச்சாகிக்கொண்டிருக்கும். மேலே சிவபாலன் 'ஸ்பேஸ்', 'வால்யூம்', 'கான்செப்ட்' என்று பேசிக்கொண்டிருப்பார். இரண்டில் எது ஊருக்கு அதிகம் பயன்பட்டது என்று நான் சொல்லப் போவதில்லை.

பலகையிலிருந்த 'அசோசியேட்ஸ்' என்ற பன்மைக்குள் தானும் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவள் டெல்பின். படித்துப் பட்டம் வாங்கிய ஆர்க்கிடெக்ட். கல்லூரியிலிருந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்தவள், தலையில் நரை தெரிந்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தாள். சிவபாலனின் பெயரில் ஊருக்குள் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அவள் வரைந்தவை. வீடு திறக்கும்போது சந்தன மாலை சிவபாலனுக்கு விழும். டெல்பினுக்கு ஊர்ப் பலகாரமான மக்ரூன் ஒரு பொட்டலம். அடக்கம் என்ற வியாதி அவளுக்குக் கிடையாது. மக்ரூனைத் தின்றுகொண்டே, "மாலைய விட இது உருப்படியாத்தான் இருக்கு. ஆனா இதுல என் பேரு இல்லையே" என்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பலகையில் பெயர். அக்கா வீட்டுக்காரர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும், "இன்னும் அங்கனதான் கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு இருக்கியா?" என்று கேட்பதை நிறுத்த வேறு வழி தெரியவில்லை.

இனி அந்த அலுவலகத்தின் வடக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் வடக்கைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குவார்கள். இங்கே முழுவதும் வரைந்துவிட்டு, கடைசியில் வடக்கை வைப்பார்கள். வாடிக்கையாளர் வாஸ்து பார்க்கிறவர். சமையலறை அக்னி மூலையில் விழவில்லை. சமையலறையை நகர்த்தினால் குழாய் நகர வேண்டும், சாக்கடை நகர வேண்டும், சிவபாலன் மறுபடி யோசிக்க வேண்டும். வடக்கை நகர்த்தினால் எதுவும் நகர வேண்டாம். தாளின் மூலையில் இருக்கும் அம்புக்குறியைக் கொஞ்சம் திருப்பினால் சமையலறை தானே அக்னி மூலைக்குப் போய்விடும். கொத்தனார் அம்பைப் பார்ப்பதில்லை. ரோட்டைப் பார்ப்பார், மனையைப் பார்ப்பார், கட்டிவிடுவார். வீட்டுக்காரரோ சட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இப்படி, ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்குத் தனித்தனி வடக்கு வழங்கிய பெருமை சிவபாலனைச் சேரும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஓய்வுபெற்ற மாலுமிகள் மன்றம் சொந்தக் கட்டடம் கட்ட முடிவு செய்தது.

கடற்கரைச் சாலையில் அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. கிழக்கே கடல். மேற்கே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரி. அங்கே மீன் லாரிகள் நின்று நாளெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். மன்றத் தலைவர் கேப்டன் அமலன். கப்பலில் இருந்து இறங்கிப் பல வருடமாகியும் தரையில் கால்களை அகட்டி வைத்தே நடப்பவர். செயற்குழுவில் யாருடைய மகனோ சிங்கப்பூரில் இருந்துகொண்டு, 'பிம் மாடல் இல்லாமல் யாருக்கும் வேலை கொடுக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டான். செயற்குழுவுக்குப் பிம் என்றால் என்னவென்று தெரியாது. அதனாலேயே அதை முதல் நிபந்தனையாகப் போட்டார்கள்.

கேப்டன் போன் செய்து கேட்டபோது சிவபாலன் தயங்கவே இல்லை.

"பிம்மா? நாங்க ரொம்ப காலமா அதுலதான் பண்ணிக்கிட்டு இருக்கோம், கேப்டன்!"

போனை வைத்துவிட்டு டெல்பினைப் பார்த்தார். "ஏம்மா, பிம்னா என்ன?"

"பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சார். கோடு போடுறது இல்ல. கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள்ள கட்டணும். சுவர்னா அது எத்தன இஞ்சு, என்ன கல்லு, எந்தப் பக்கம் வெயில் படும்னு அதுக்கே தெரியும்."

"சுவருக்கா?"

"ஆமா சார். நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்காவது தெரியட்டும்."

சிவபாலன் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து எஸ்.கே. என்பவர் வந்தார். இடுப்பில் சட்டையைச் செருகி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார். மூன்றே பேர் உட்கார்ந்திருந்த அறையில் எதற்கு அடையாள அட்டை என்று தெரியவில்லை. சிவபாலனும் டெல்பினும் போக மூன்றாவதாக ஒரு முகம் இருந்தது. அது சுவரில் மாட்டியிருந்த சிவபாலனின் சொந்தப் படம். அதையும் சேர்த்துத்தான் எஸ்.கே. "குட் மார்னிங் ஆல்" என்றார்.

"இனிமே நீங்க சுவர் வரையக் கூடாது. சுவர் வைக்கணும்," என்று ஆரம்பித்தார். "திஸ் இஸ் எ மைண்ட்செட் சேஞ்ச்."

சிவபாலன் ஆழ்ந்து தலையாட்டினார். பிறகு போன் வந்தது, வெளியே போனார். திரும்பி வந்து, "கலர் மாத்தலாமா?" என்று கேட்டார். மாற்றலாம் என்று எஸ்.கே. சொன்னதும் மனநிறைவோடு மறுபடி போன் பேசப் போனார். பயிற்சி முடியும்வரை அவருடைய மைண்ட்செட்டில் ஏறியது அந்த ஒன்றுதான்.

நடுவில் ஒருமுறை கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. எஸ்.கே. சுட்டியைத் தட்டினார், விசைப்பலகையைத் தட்டினார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே நாசமாப் போறவனே, அசையேம்ல!" என்றார்.

டெல்பின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"பேசிக்கலி சென்னை."

"அதுக்கு முன்னால?"

"சாத்தான்குளம் பக்கம்," என்றார் எஸ்.கே. தாழ்ந்த குரலில்.

"எஸ்.கே.னா?"

"சுடலைக்கண்ணன்."

"நல்ல பேருதான சார். அத ஏன் மடிச்சு பைக்குள்ள வச்சிருக்கீங்க?"

அதன் பிறகு சுடலைக்கண்ணன் கொஞ்சம் மனிதனைப் போலப் பேசினார். பாடமும் உருப்பட்டது. "அக்கா, இதுல முதல் வேலை வடக்க வைக்கிறது. மாடலுக்கு ஒரே வடக்குதான். வெயில், நிழல், சர்வேக்காரங்களுக்குக் குடுக்கிற புள்ளி எல்லாமே அத வச்சுத்தான் ஓடும். அத மட்டும் பெறகு தொட்றாதீங்க."

அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த சிவபாலன் சிரித்தார். "தம்பி, எங்க ஆபீஸ்ல வடக்கு லாஸ்ட் ஸ்டெப். அது எங்க ஸ்டைல்."

ஊருக்குப் போகுமுன் சுடலைக்கண்ணன் இருவருக்கும் சான்றிதழ் கொடுத்தார். டெல்பினுடையதில் 'தேர்ச்சி பெற்றவர்' என்று இருந்தது. சிவபாலனுடையதில் 'மாஸ்டர்'. சட்டம் போட்டு, தன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். வருகிறவர்களுக்குத் திரையில் மாடலைக் காட்டும்போது சுட்டியின் சக்கரத்தை உருட்டுவார். கட்டடம் அருகே வரும், தூரப் போகும். அதற்கு மேல் மாஸ்டர் எதையும் தொட்டதில்லை.

டெல்பின் மாடலைக் கட்டினாள். சொல்லிக்கொடுத்தபடி வடக்கை முதலில் வைத்தாள். சாலையைப் பார்த்து வாசல், கடலைப் பார்த்து அகலமான வராண்டா. கடலை விட்டு வந்த கிழவர்கள் உட்கார்ந்து கடலைத் திட்டுவதற்கு வசதியாகப் படிப்படியாக இருக்கைகள். அது நல்ல கட்டடம். அவளுக்கே தெரியும், அடுத்தவர்களுக்கும் சொன்னாள்.

சிவபாலன் வந்து சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். "வாசல் எந்தத் திசை?"

"மேற்கு, சார். ரோடு அங்கனதான இருக்கு."

"மேற்கு வாசலா! என் கையால இதுவரைக்கும் ஒரு மேற்கு வாசல் வெளிய போனதில்ல. கிழக்கு ஆக்கு."

"எங்க ஆளுக சார் அவங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு ஏது வாஸ்து?"

"கட்டுறது அவங்க. கையெழுத்து என்னது. வடக்கத் திருப்பி விடு."

"திருப்பினா எல்லாம் திரும்பும்."

"அம்புதானே, டெல்பின்?"

"அம்பு இல்ல சார். வடக்கே திரும்பும். சுடலைக்கண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னாரு."

"அந்த சாத்தான்குளத்தான் எனக்கு வடக்கு சொல்லித்தரணுமா?" சிவபாலன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். பெரிய விஷயம் பேசப் போகிறார் என்று அர்த்தம். "இங்க பாரு. இந்த வேலை மட்டும் கிடைக்கட்டும். போர்டுல உன் பேரு. சத்தியமா."

டெல்பின் ஜன்னல் வழியாகப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பல வருடமாக அவள் பார்த்து வருவது பின்பக்கத்தைத்தான். பிறகு ஒரு பெட்டியில் நூற்று எண்பது என்று அடித்து ஒரு பொத்தானைத் தட்டினாள். வடக்கு தெற்கானது. ஓசையில்லை, தூசியில்லை. சிவபாலனின் கட்டடத்துக்குக் கிழக்கு வாசல் கிடைத்தது.

செயற்குழுவின் முன்னால் மாடலைக் காட்டும் நாள் வந்தது. மன்றத்தின் வாடகை அறையில் பெரிய டிவி, தட்டில் மக்ரூன், டம்ளர்களில் தேநீர். சிவபாலன் கோட்டுப் போட்டிருந்தார். தூத்துக்குடி வெயிலில் கோட்டுப் போடுகிறவர்கள் இரண்டு வகை: மாப்பிள்ளை, அல்லது ஏமாற்ற வந்தவர். சிவபாலன் தன்னை மாப்பிள்ளையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

டெல்பின் கணினியை இயக்க, திரையில் கட்டடம் எழுந்தது. கேமரா சாலையிலிருந்து வாசலுக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, வராண்டாவுக்கு வந்தது. எதிரே நீலக் கடல். சிவபாலன் குரலைத் தாழ்த்தினார்.

"இது வெறும் கட்டடம் இல்ல. இது ஒரு அனுபவம். நாள் முழுக்க உழைச்ச மனுஷன், இங்க வந்து அமர்கிறான். அவன் கண் முன்னால, கடலில் மெல்லக் கரைகிறது மாலைச் சூரியன்…"

மென்பொருள் விசுவாசமானது. கொடுத்த வடக்கை வைத்துக் கணக்குப் போட்டது. சிவந்து, பருத்து, சூரியன் மன்னார் வளைகுடாவுக்குள் மெதுவாக இறங்கியது.

அறையில் ஒரு டம்ளர் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டும்வே," என்றார் கேப்டன் அமலன். "அது என்னது?"

"சன்செட், கேப்டன்."

"எங்க?"

"கடல்ல."

"எந்தக் கடல்ல?"

சிவபாலன் திரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் அந்த நிமிடம் வரைக்கும் திசை என்பதைத் தாளில் மட்டுமே பார்த்துப் பழகியிருந்தார்.

"நான் பொறந்ததுல இருந்து சூரியன் இந்தக் கடல்ல இருந்து எந்திரிச்சுதான் பாத்திருக்கேன்," என்றார் கேப்டன். "எப்பவே படுக்க ஆரம்பிச்சுது? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

செயற்குழு வெடித்துச் சிரித்தது. ஒருவருக்கு மக்ரூன் தூள் புரையேறி, பக்கத்திலிருந்தவர் முதுகில் அடித்தார். "இந்த ஆளு வரைஞ்ச படத்த வச்சுக் கப்பல் ஓட்டினா கொழும்புக்குப் போறவன் கோவில்பட்டியில கரை தட்டுவான்," என்றது பின்வரிசை.

கோட்டுக்குள் சிவபாலனுக்கு வியர்த்தது. விரல் தானாக நீண்டது. "இது… மாடல் பண்ணினது எங்க அசோசியேட். மிஸ் டெல்பின். எங்க அசோசியேட்தான் இத ஃபுல்லா ஹேண்டில் பண்ணினாங்க."

இத்தனை வருடமாகக் காத்திருந்த சொல் அவள் தலையில் இப்படி வந்து விழுந்தது. டெல்பின் எழுந்து நின்றாள். வேறொருத்தியாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். அவளோ புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆமா. நான்தான் அசோசியேட்," என்றாள். "அசோசியேட்ங்கிற முறையில ஒண்ணு சொல்லிக்கிடுதேன். இந்த வடக்கு…"

"இருங்கம்மா, இருங்க," என்று குறுக்கே விழுந்தார் பொருளாளர் இனிகோ. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். போன துறைமுகத்திலெல்லாம் வாங்கிய காந்தப் பொம்மைகளால் அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவு மூடாது. "எதுக்குவே சிரிக்கீய? நல்லாத்தான இருக்கு? நான் பாக்காத சன்செட் கிடையாது. கிரீஸுல பாத்திருக்கேன், மொரீஷியஸுல பாத்திருக்கேன். நம்ம ஊருல கடல்ல சன்செட் இல்லங்கிறது ஒரு குறைதான?"

"குறைன்னா? சூரியன மாத்திப் போடச் சொல்லுதீரா?" என்றார் கேப்டன்.

"படத்துலயாவது இருந்துட்டுப் போட்டுமே! விழா மலர் போடும்போது அட்டைப்படத்துக்கு எடுப்பா இருக்கும். வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைக பாத்தா நன்கொடை தருவானுவ."

"காலையில எவன் எந்திரிச்சு மன்றத்துக்கு வாரான்? வாரதே சாயந்திரம்தான்," என்றார் இன்னொருவர், இதில் ஏதோ தர்க்கம் இருப்பதைப் போல.

கடல்களைக் கடந்தவர்கள், நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டியவர்கள், கை தூக்கி வாக்களித்தார்கள். மாலைச் சூரியன் பெரும்பான்மையில் வென்றது. கேப்டன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிவபாலனுக்கு நிறம் திரும்பியது. "தேங்க்யூ. ஆக்சுவலா, அது என் கான்செப்ட்தான். ஊர்ல இல்லாதத கட்டடத்துல குடுக்கணும்னு ஒரு தாட். இந்தம்மா சும்மா கம்ப்யூட்டர் ஆபரேட் பண்ணினாங்க."

டம்ளரிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் டெல்பினின் அசோசியேட் பதவி முடிந்துபோனது.

வேலை கிடைத்தது. மறுநாள் டெல்பின் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"போர்டு, சார்?"

"போட்டுருவோம்மா. மார்கழி போகட்டும்."

தை வந்தது. "தை நல்ல மாசம்தான். ஆனா நமக்குப் புது போர்டு டிசைன் பண்ணணும். அவசரப்பட்டு வைக்கிற விஷயமா?" மாசியில் அவரே மறந்துவிட்டதைப் போல இருந்தார். அதை அவர் நன்றாகச் செய்வார்.

அடிக்கல் நாட்டும் நாள் நெருங்கியது. மனையில் கட்டடத்தின் கோடுகளைப் போட வேண்டும். வழக்கமாகக் கொத்தனார் கயிறு பிடித்துப் போடுவார். மாஸ்டருக்கு அது போதவில்லை. "மாடல்ல இருந்து நேரா தரைக்கு! மனுஷக் கையே படாம!" என்று கேப்டனிடம் போனில் பெருமையடித்தார். கோவில்பட்டியிலிருந்து கருவியோடு ஒரு சர்வேயரை வரவழைத்தார்.

சர்வேயருக்குக் கொடுக்க வேண்டிய புள்ளிகளை எடுக்கும் முன் டெல்பின் கேட்டாள். சத்தமாகவே கேட்டாள்.

"வடக்கு இப்பிடியே இருக்கட்டுமா, சார்?"

"ஏன் திரும்பத் திரும்பக் கேக்க? கமிட்டி ஓட்டுப் போட்டு பாஸ் பண்ணின வடக்கு அது. தொடாத."

"சரி சார்," என்றாள் டெல்பின். அவ்வளவு பணிவாக அவள் பேசியதே இல்லை. சிவபாலனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பணிவு தனக்கு வர வேண்டிய பாக்கி என்று நினைக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை.

அடிக்கல் நாளன்று காலையில் பந்தல், மைக்செட், பங்குச் சாமியார், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நேரலை. சிவபாலன் மறுபடியும் கோட்டு. சர்வேயர் விடியும்போதே வந்து, கருவியில் புள்ளிகளை ஏற்றி, தரையில் சுண்ணாம்புப் பொடியால் கட்டடத்தை வரைந்து முடித்திருந்தார். வாசல் என்று சர்வேயர் காட்டிய இடத்தில் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபமும் சொல்லியாகிவிட்டது.

கேப்டன் அமலன் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் இறங்கிக் கால்களை அகட்டி நடந்து பார்த்தார்.

"சர்வேயர் தம்பி, வராண்டா எங்க?"

"நீங்க நிக்கிறதுதான் ஐயா."

கேப்டன் நிமிர்ந்தார். எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஐஸ் பேக்டரியின் பாசி படிந்த சுவர். அதன் முன்னால் ஒரு மீன் லாரி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சுவரோரமாக நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாக்கத்தான் படிப்படியா சீட்டு போட்டிருக்காராக்கும்!" என்றார் கேப்டன். "சரி, வாசல் எங்க?"

சர்வேயர் கடலைக் காட்டினார்.

"கதவத் திறந்தா நேரா கடலா?"

"மாடல்ல எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் ஐயா போட்டிருக்கேன். வாசல் கிழக்கன்னு இருக்கு."

"மாலுமி மன்றம்னா மெம்பர்லாம் கப்பல்ல வந்து இறங்குவான்னு நினைச்சிட்டீராவே, ஆர்க்கிடெக்ட்?"

எல்லோரும் சிவபாலனைப் பார்த்தார்கள். நேரலை கேமராவும் பார்த்தது. சிவபாலன் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மாடல் கரெக்ட்," என்றார். "சைட்டுதான் தப்பா இருக்கு."

இந்த வாக்கியத்தை அவர் சொன்ன தோரணையில், இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் திரும்பி மனையைச் சந்தேகமாகப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கிப் போன் செய்தார். டெல்பின் அலுவலகத்தில் இருந்தாள். விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

"டெல்பின், உடனே லேப்டாப்ப எடுத்துட்டு சைட்டுக்கு வா. வடக்கத் திருப்பணும்."

"கமிட்டி பாஸ் பண்ணின வடக்காச்சே, சார்?"

"விளையாடாத. எல்லாரும் வெயில்ல நிக்காங்க. அசோசியேட்தான் வந்து சரி பண்ணணும்னு சொல்லிட்டேன்."

"எந்த அசோசியேட்டு? போர்டுல அப்பிடி யாரும் இல்லையே."

"ஏளா, மானத்த வாங்காத! நாளைக்கே போர்டு."

"கீழ வன்னியபெருமாள் அண்ணாச்சி கடை தொறந்துதான் இருக்கு, சார். இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க. மாட்டினதும் கெளம்புதேன். பக்கத்துலதான, ஆட்டோவுல வந்துருவேன்."

மைக்செட்காரன் பாட்டை நிறுத்தியிருந்ததால், அந்தப் பக்கத்தில் கேப்டனின் குரல் போனிலேயே கேட்டது: "எங்கவே போனாரு அந்த சன்செட்டு?"

சிவபாலன் வன்னியபெருமாளுக்குப் போன் செய்தார்.

பிளெக்ஸ் அச்சாகி ஈரம் காயாமலேயே வெளியே வந்தது. 'சிவபாலன் – டெல்பின் அசோசியேட்ஸ்' என்று பெரிதாக இருந்தது. பின்னணியில் தென்னை மரம், நீலக் கடல், அதற்குள் இறங்கும் செக்கச் சிவந்த சூரியன். அண்ணாச்சி கடையில் எந்தப் பிளெக்ஸுக்கும் அதுதான் பின்னணி.

டெல்பின் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இது எங்க அண்ணாச்சி விழுது, கடல்லயா?"

"எங்கயோ விழுதும்மா. உனக்கு எழுத்து தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"பெறகென்ன? கயித்துல கட்டிரட்டா?"

"கயிறு வேண்டாம். ஆணி அடிங்க."

"நாலு மூலைக்கும் நாலு போதுமா?"

"சுத்தி அடிங்க அண்ணாச்சி. பழைய போர்டு மேல வச்சே அடிங்க."

கடைசி ஆணி இறங்கிய பிறகுதான் ஆட்டோவில் ஏறினாள்.

மனையில் லேப்டாப்பைத் திறந்து, நூற்று எண்பதை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். கட்டடம் தன் இடத்துக்குத் திரும்பியது. சர்வேயர் காலால் பழைய கோடுகளை அழித்து, புதிய கோடுகளைப் போட்டார். வராண்டா கடலைப் பார்த்தது. ஏறுவெயில் நேராக அதன் மேல் விழுந்தது. சாமியார் முகம் சுளிக்காமல் இந்தப் பக்க வாசலுக்கும் தீர்த்தம் தெளித்தார்.

கேப்டன் டெல்பினிடம் வந்தார். "நீதானம்மா அன்னைக்கு அசோசியேட்டுன்னு எந்திரிச்சவ? அப்போ தப்பு உன்னோடதா?"

"வடக்கு சாரோடது, கேப்டன். கட்டடம் என்னோடது."

கேப்டன் சிரிக்கவில்லை. "கட்டடம் பரவாயில்ல," என்றார். அந்த வாயிலிருந்து வரக்கூடியதில் அதுவே அதிகம்.

அதற்குள் சிவபாலன் மைக்கைப் பிடித்துவிட்டார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேரலை கேமராவைப் பார்த்து முழங்கினார்: "பழைய முறையில கட்டியிருந்தா, இந்தப் பிழை கட்டி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சிருக்கும். ஒரு செங்கல் வைக்கிறதுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சோம் பாருங்க, இதுதான் பிம்!"

செயற்குழு கைதட்டியது. பொருளாளர் இனிகோ எழுந்து நின்று கைதட்டினார். மலருக்கு மாலைச் சூரியன் படம்தான் என்பதில் அவர் இன்னும் உறுதியாக இருந்தார்.

சாயங்காலம் சிவபாலன் கழுத்தில் சந்தன மாலையோடு அலுவலகம் திரும்பினார். மாடிப்படியில் கால் வைக்கும்போது அண்ணாந்து பார்த்தார். இரவோடு இரவாகக் கழற்றிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். பிளெக்ஸைச் சுற்றிலும் விரற்கடை இடைவெளியில் ஆணி பதிந்திருந்தது. அதைப் பிடுங்கினால் அடியில் இருக்கும் அவருடைய பழைய பலகையும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும்.

மேலே மேசையில் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள் டெல்பின்.

"எதுக்கும்மா இத்தன ஆணி?"

"கடக்கரை ஊரு, சார்," என்றாள் அவள், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு. "காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்கும்னு நம்ம ஆபீஸ்ல சொல்ல முடியாதுல்லா?"